ரசம் போன கண்ணாடி

முகம் பார்க்கும் கண்ணாடி திட்டுத் திட்டாகக் கறுத்துப் போனால் ‘ரசம் போய்விட்டது’ என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். ஒரு காலத்தில் கண்ணாடியின் பின்புறத்தில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துப் பூசினார்கள். அதனால் வந்த சொல் இது. 1835-இல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக், கண்ணாடியில் வெள்ளியைப் படிய வைக்கும் முறையைக் கண்டார். அதன்பின் பாதரசம் படிப்படியாக விலகியது. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் பின்நோக்குக் கண்ணாடிக்கும் அந்த ரசம்தான் போயிற்று. வலப்புறக் கதவில் அப்பா ஆசையாகப் பொருத்திய வட்டக் கண்ணாடி அது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைத் தழுவி, சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் 1971 வரை செய்யப்பட்ட வண்டி இது. நம் தமிழ்நாட்டில் செய்த கார் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை.

பழைய மதராஸ் சாலையின் இன்றைய நெரிசலில் பெருமை மட்டும் போதாது. உட்புறக் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியும்; பக்கத்தில் முந்தி வருவது தெரியாது. என் மனைவிதான் திரும்பித் திரும்பிப் பார்த்து, “ஆட்டோ வருதுங்க, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லி வந்தாள். அவளுக்குக் கழுத்துவலி வந்து, கழுத்தைத் திருப்பக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். “வித்துடுங்கப்பா” என்றான் மகன்.

பந்தயத்தில் பிறந்த வழக்கம்

என் மனைவி செய்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. அக்காலப் பந்தயக் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஓர் உதவியாளர் அமர்ந்து, பின்னால் வருவோரைக் கவனித்துச் சொல்வார். 1911-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்கு ரே ஹாரூன் தனியாக வண்டியேறினார். மற்றவர்கள் ஆட்சேபித்ததும் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார், பந்தயத்தையும் வென்றார். செங்கல் பாவிய தடத்தில் வண்டி அதிர்ந்ததால் கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று பின்னர் அவரே சொன்னார்! அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, பெண்கள் காரோட்டும்போது ஒரு சிறு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பின்னால் பார்க்கலாம் என்று டொரதி லெவிட் என்ற ஆங்கிலப் பெண்மணி தம் நூலில் எழுதியிருந்தார்.

மர்பி டவுனில் கிடைத்த மருந்து

ஜே.சி. சாலை உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கினேன். “அந்த மாடல் இப்ப ஏது சார்? வேற வண்டியோடது போட்டுக்குங்க” என்றார்கள். மனம் ஒப்பவில்லை. கடைசியில், மூத்தவர்கள் இன்னும் நாக்ஸ்பேட்டை என்று குறிப்பிடும் எங்கள் மர்பி டவுனிலேயே, சாமி படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு பெரியவரிடம் போனேன்.

அவர் முதலில் ஓர் இரும்பு அளவுகோலை நிமிர்த்திக் கண்ணாடியின் மேல் வைத்தார். இடைவெளி இல்லாமல் படிந்தது. “தட்டைக் கண்ணாடிதான் சார், நானே வெட்டலாம். நடுவுல புடைச்சிருந்தா அளவுகோல் ஆடும். அதுக்கு லாரிக் கண்ணாடியிலதான் வெட்டணும்” என்றார். புடைத்த கண்ணாடியில் அதிக இடம் தெரியும். ஆனால் வண்டிகள் உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும்.

பிறகு வெந்நீரில் நனைத்த துணியால் ரப்பர் வளையத்தை இளக்கிக் கழற்றினார். பழைய கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடாவை ஒட்டி, உடையாமல் நெம்பி எடுத்தார். அதையே அச்சாக வைத்து, அதே கனமுள்ள புதுக் கண்ணாடியில் ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் கோடு கிழித்தார். “இறுக்கமா உட்கார்ந்தா வெயில்ல விரிசல் விடும்” என்பது அவர் சொன்ன காரணம். ஓரத்தைத் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தேய்த்தார். ஈரம் உள்ளே ஏறாமலிருக்க விளிம்பில் வார்னிஷ் தடவினார். ரசத்தைத் தின்பது முதலில் ஓரத்து ஈரம்தானாம்.

ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். புளித்த காடி வாடை வரும் சிலிகான் பசையைத் தொடக்கூடாது. அதிலிருந்து வரும் அமிலம் பூச்சை அரித்துவிடும். வாடையற்ற, கண்ணாடிக்கென்றே விற்கும் பசைதான் ஏற்றது. ஒட்டி ஒருநாள் முழுதும் வண்டியை எடுக்காமல் வைத்திருந்தேன்.

மறுநாள் அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தோம். மனைவி ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வண்டியை விற்கும் பேச்சு இப்போதைக்கு எங்கள் வீட்டில் எழவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி கறுத்தாலும் கீறல் விட்டாலும் எறிந்துவிடாதீர்கள். புதியதை வெட்டுகிறவருக்கு அதைவிட நல்ல அளவு கிடைக்காது. என்னுடையதைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். வட்டக் கண்ணாடி உள்ளவர்கள் கேட்டால் அளவெடுக்கத் தருவேன்.