கொசுக்கடி

1971-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி பிற்பகல், வங்காள எல்லையில் போய்ரா என்னும் ஊருக்கு மேலே ஓர் ஆகாயச் சண்டை நடந்தது. பாகிஸ்தானின் ஸேபர் விமானங்களை நம்முடைய 'நாட்' விமானங்கள் நான்கு எதிர்த்தன. சில நிமிஷங்களுக்குள் ஸேபர்கள் இரண்டு விழுந்தன. குடைமிதவையில் குதித்த விமானிகள் சிறைப்பட்டனர். 'நாட்' என்றால் கொசு இனத்துச் சின்னஞ்சிறு பூச்சி. இந்தக் கொசுக்கடி இத்தனை பொல்லாததாயிருந்ததன் ரகசியம் என்ன?

ஸேபரில் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றின் தோட்டா அரை அங்குலக் கனம். நாட்டில் இருந்தவை 'ஏடன்' பீரங்கிகள் இரண்டேதான். ஆனால் அவற்றின் குண்டு 30 மில்லிமீட்டர் குறுக்களவுள்ளது. உள்ளே வெடிமருந்து அடைத்தது.

தோட்டா துளைக்கும். உயிர்நிலையில் படாவிட்டால், துளைகளோடேயே விமானம் வீடு திரும்பிவிடவும் கூடும். குண்டின் தொழில் வேறு. தீபாவளியன்று திறந்த வெளியில் வெடிக்கும் பட்டாசு வெறும் சப்தத்தோடு போய்விடுகிறது. அதையே தகர டப்பாவால் மூடினால் டப்பா பறக்கிறதல்லவா? விமானத்தின் இறக்கையும் அத்தகைய டப்பாவே. குண்டு உள்ளே புகுந்து வெடித்தால், அந்த வேகமே தகட்டைப் பிளந்து எறிந்துவிடுகிறது.

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் ஜெர்மானியர் இந்தத் தத்துவத்தைக் கையாண்டார்கள். உருக்கைக் குடைந்து தடித்த சுவருள்ள குண்டு செய்வதை விட்டு, உருக்குத் தகட்டை அழுத்தி நீட்டி மெல்லிய கூடாக்கினார்கள். அதனால் 92 கிராம் எடையுள்ள 20 மில்லிமீட்டர் குண்டில் ஏறக்குறைய 18 கிராம் மருந்துக்கு இடம் கிடைத்தது. யுத்தம் முடிந்த பிறகு, ஜெர்மானியரின் மௌஸர் பீரங்கி ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டே பிரிட்டிஷார் ஏடனை உருவாக்கினார்கள்.

ஆனால் குண்டு பெரிதானால் எண்ணிக்கை குறையும். நாட்டின் ஒவ்வொரு பீரங்கிக்கும் 115 குண்டுகளே உண்டு. நிமிஷத்துக்கு 1,200-க்கு மேல் சுடும் பீரங்கியில் அவை ஆறு வினாடிக்குள் தீர்ந்துவிடும். ஆகாயத்தில் மறுபடி நிரப்ப வழியில்லை. நடுவே பீரங்கி சிக்கிக்கொண்டு சுடாமல் நின்றுபோவதும் உண்டு.

ஆகவே, எதிரியை நெருங்கும் வரையில் விசையிலிருந்து விரலை அடக்கிக்கொள்ள வேண்டும். மருந்தின் பலத்தைத் தொழிற்சாலையில் அடைத்து விடலாம். அந்த அடக்கத்தை விமானியேதான் கொண்டுவர வேண்டும். போய்ராவில் நம் வாலிபர்கள் அதைக் கொண்டுவந்திருந்தார்கள்.