முதல் பாடம்: சுடாமல் இருப்பது

மேற்கு தில்லி ஜனக்புரியில் மெட்ரோ ஏறி, கால்காஜி மந்திரில் வண்டி மாறினால் துக்ளகாபாத். 1982 ஆசிய விளையாட்டுக்காக அமைத்த துப்பாக்கி சுடும் தளம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1962 உலகப் போட்டியில் வெள்ளி வென்ற பிகானீர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயர் அதற்கு.

மகாராஜாக்களின் பொழுதுபோக்கு இன்று அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டுகிறது. காரணம், காற்றழுத்தத் துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது, 4.5 மி.மீ. ஈயக்குண்டுதான். இலக்கு 10 மீட்டர் தூரத்தில்.

ரைஃபிளா, பிஸ்டலா? ரைஃபிளை இரு கைகளும் தோளும் தாங்கும். ஆனால் 10 புள்ளி தரும் மையம் வெறும் 0.5 மி.மீ. பிஸ்டலுக்கு அது 11.5 மி.மீ.; ஆனால் ஒரே கையால் பிடிக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் விதிகள் ஒன்றே. குழல்முனை எப்போதும் இலக்குப் பக்கம். குறிபார்க்கும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. 'நிறுத்து' என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். குழல் காலி என்று காட்டும் வண்ண இழையைச் செருகிய பிறகே துப்பாக்கியை விட்டு நகரலாம். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக்கூடாது.

கருவியும் காலை வாரும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் பாதியில் பழுதாக, இறுதிச் சுற்று நழுவியது. 2024 பாரிஸில் அவருக்கு இரண்டு வெண்கலம்.

ஜனக்புரி வீட்டுக்குத் திரும்பினாலும் பயிற்சி உண்டு: சுவரில் ஒரு புள்ளி, குண்டில்லாத துப்பாக்கி, அசையாத கை.