ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை

ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை என்பது புது தில்லியில் உள்ள ஜவகர்லால் நேரு நினைவு நிதியம் அறிஞர்களுக்கும் கலைஞர்களுக்கும் வழங்கி வந்த ஆய்வு உதவி ஆகும். நேருவின் மறைவைத் தொடர்ந்து 1964 ஆம் ஆண்டில் இந்நிதியம் அமைக்கப்பட்டது. முதல் நல்கைகள் 1968 இல் அறிவிக்கப்பட்டன.

நோக்கம்

பரிசுகள் பெரும்பாலும் முடிந்த பணிக்கு வழங்கப்படுபவை. ஆய்வு நல்கையோ இனிச் செய்யவிருக்கும் பணிக்கு வழங்கப்படுவது. அன்றாட வேலையிலிருந்து விலகி, ஒரே பொருளில் முழுநேரமும் ஈடுபடுவதற்கான கால அவகாசமே இதன் முதன்மையான பயன். இந்நல்கை ஏதேனும் ஒரு துறைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இதைப் பெற்றவர்களில் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே இயங்கியவர்களும் இருந்தனர். தமிழகத்தைச் சேர்ந்த பின்வரும் இருவர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள்.

மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (1912–1996) புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகன். இயற்கையியலாளர், ஒளிப்படக் கலைஞர், ஓவியர், எழுத்தாளர் எனப் பல முகங்கள் கொண்டவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் தம் மறைவு வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதி வந்தார். 1968 இல் நேரு ஆய்வு நல்கையைப் பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரையிலான நிலையை விளக்கும் இவ்வாய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975 இல் நூலாக வெளியிட்டது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1972 இல்தான். எனவே, அச்சட்டத்திற்கு முந்தைய காலத்தில் காட்டு விலங்குகள் எந்நிலையில் இருந்தன என்பதை அறிய இந்நூல் ஒரு முக்கியச் சான்றாகிறது.

ஐராவதம் மகாதேவன்

ஐராவதம் மகாதேவன் (1930–2018) வேதியியலும் சட்டமும் பயின்றவர்; இந்திய ஆட்சிப் பணி அலுவலர். தமிழ்ப் பிராமி கல்வெட்டுகளின் தொகுப்பை 1966 இல் வெளியிட்டிருந்தார். சிந்துவெளி எழுத்துகளை ஆராய 1970 இல் இந்நல்கையைப் பெற்றார். எழுத்துகளுக்குப் பொருள் கூற முற்படுவதற்கு முன், தரவுகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அவரது அணுகுமுறை. இதற்காக ஒரு தொடரடைவு உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு குறியும் எந்தெந்தப் பொறிப்புகளில் வருகிறது, அதன் முன்னும் பின்னும் எவை வருகின்றன என்பதைக் காட்டுவதே தொடரடைவு. இப்பணிக்கு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி பயன்படுத்தப்பட்டது.

இதன் பயனாக உருவான நூலை இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை 1977 இல் வெளியிட்டது. 2,906 பொறிப்புகளில் 13,372 முறை வரும் குறிகள் 417 வகைகளாக இதில் பிரிக்கப்பட்டுள்ளன. சாடி போன்ற ஒரு குறியே மிகுதியாக வருவதும், அது பெரும்பாலும் தொடர்களின் இறுதியில் இடம்பெறுவதும் இத்தகைய அட்டவணைகளால் தெளிவாகின்றன.

சிந்துவெளி எழுத்துகள் இன்னும் அனைவரும் ஏற்கும் வகையில் படிக்கப்படவில்லை. அவை ஒரு மொழியின் எழுத்துகளே அல்ல என்ற கருத்தும் 2004 இல் முன்வைக்கப்பட்டது. 2009 இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை, அக்குறிகளின் வரிசையமைப்பு மொழிகளின் அமைப்பை ஒத்திருப்பதாகக் கூறியது. அதற்கு அடிப்படைத் தரவாக அமைந்தது 1977 ஆம் ஆண்டுத் தொடரடைவே. மகாதேவனும் அக்கட்டுரையாளர்களுள் ஒருவர்.

பிற நல்கையாளர்கள்

ஓவியர் ஜெ. சுவாமிநாதன் (1968), வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் (1971), ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் (1975) ஆகியோரும் இந்நல்கையைப் பெற்றனர். பாதல் சர்க்கார் கட்டடப் பொறியியல் பயின்று நகரத் திட்டமிடல் துறையில் பணியாற்றியவர்.

மதிப்பீடு

ஆய்வு நல்கையின் பயனை, எடுத்துக்கொண்ட சிக்கல் தீர்ந்ததா என்பதைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. சிந்துவெளிப் புதிர் தீரவில்லை. ஆயினும், அதைத் தீர்க்க முயல்வோரும், மகாதேவனின் முடிவுகளை ஏற்காதோரும் கூட, அவர் தொகுத்த தரவுகளைப் பயன்படுத்த முடிகிறது.