சரிந்த கரையில் சக்கர வீடு

வண்டி நின்றதும் கணவர் இறங்கி, இரண்டு மடக்கு நாற்காலிகளைக் கடலைப் பார்த்துப் போட்டார். மனைவி நாற்காலி பக்கமே வரவில்லை. சுனாமி எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு, மேட்டுக்குப் போகும் சாலை எது என்று தேடிக்கொண்டிருந்தார்.

இடம் அலாஸ்காவின் தென்கரையில் உள்ள சூவர்ட். மக்கள்தொகை சுமார் 2,700. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆழமான விரிகுடா. ஆங்கரேஜ் நகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடிவரும் நெடுஞ்சாலை இங்கே கடலில் முட்டி முடிகிறது.

இருவரும் டெக்சாஸ்காரர்கள். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இவர் நர்ஸாக இருந்தவர். வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி.யில் குடியேறியவர்கள். ஆர்.வி. என்பது சக்கரம் வைத்த வீடு. பஸ் நீளம், உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை. கழிவுத் தொட்டி நிரம்பினால் அதற்கென்று உள்ள இடத்தில் குழாய் பொருத்திக் காலி செய்ய வேண்டும். அந்த வேலை மட்டும் எப்போதும் கணவருக்குத்தான். நாடோடி வாழ்க்கையின் விளம்பரப் படங்களில் அந்தக் குழாய் வருவதே இல்லை.

கோடையில் இத்தகைய வண்டிகள் சூவர்ட் கடற்கரையில் வரிசைகட்டி நிற்கின்றன. இரவு 10 மணிக்கும் வெளிச்சம். கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதப்பதை வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வேறு ஊராக இருந்தால் இப்படி ஒரு கரையை ஹோட்டல்காரர்கள் எப்போதோ வளைத்திருப்பார்கள். இங்கே நகராட்சி அதைப் பூங்காவாகவும் முகாமாகவும் வைத்திருக்கிறது. காரணம் தாராள மனசு அல்ல.

1964 மார்ச் 27, புனித வெள்ளி. மாலை 5.36க்கு 9.2 அளவுள்ள பூகம்பம் அலாஸ்காவை நான்கு நிமிடங்களுக்கு மேல் உலுக்கியது. 2004இல் நாகப்பட்டினம்வரை கடலை ஏவிவிட்ட சுமத்ரா பூகம்பத்தைவிடவும் சற்றுப் பெரியது. சூவர்டின் படகுத்துறை, ரயில்வே யார்டு, எண்ணெய்த் தொட்டிகள் எல்லாம் நின்றிருந்தது மலையோடை காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய சரளையின்மீதும் மணலின்மீதும். குலுக்கலில் அந்த மண் பிடிப்பு விட்டது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை அப்படியே கடலுக்குள் வழுக்கிப் போனது. அந்தச் சரிவே அலைகளை எழுப்பியது. தொட்டிகள் வெடித்துத் தண்ணீர்மேல் எண்ணெய் எரிய, கடல் நெருப்போடு ஊருக்குள் வந்தது. சுமார் அரை மணி நேரத்தில் வெளிக்கடலிலிருந்து சுனாமியும் வந்து சேர்ந்தது. ஊரில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைப்பும் போயிற்று. துறைமுகத்தின் சரக்கு வியாபாரத்தில் பெரும்பகுதி ஆங்கரேஜுக்கு நகர்ந்தது.

துறைமுகத்தை விரிகுடாவின் தலைப்பகுதியில் புதிதாகக் கட்டினார்கள். சரிந்த கரையில் பழையபடி கட்டடம் எழுப்பவில்லை. அந்த மண்மீதுதான் இப்போது நாற்காலிகள்.

அறுபது வருடத்துக்கு முந்தைய கதை, இன்றைக்கு எச்சரிக்கை ஒலிபெருக்கி இருக்கிறது என்பது கணவரின் கட்சி. ஒலிபெருக்கி இருப்பது நிஜம். 2021 ஜூலை 28 இரவு அலாஸ்கா தீபகற்பத்தின் அருகே 8.2 அளவுள்ள பூகம்பம் வந்தபோது சுனாமி எச்சரிக்கை சூவர்ட் கரையையும் சேர்த்தே விடுக்கப்பட்டது. நல்லவேளை, அலை ஒன்றும் பெரிதாக எழவில்லை.

மனைவி கேட்டது வேறு. 1964இல் முதல் அலை வந்தபோது பூமி ஆடி முடித்திருக்கவே இல்லை. அப்படி ஒன்று வந்தால் ஒலிபெருக்கி எப்போது ஊதும்? வண்டியின் பக்கவாட்டு அறையை உள்ளே இழுத்து, சமநிலைக் கால்களைத் தூக்கி, மின்சார வயரைப் பிடுங்கிக் கிளம்பக் குறைந்தது கால் மணி நேரம் ஆகுமே? தரை நீண்ட நேரம் ஆடினால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள் என்றுதான் அதிகாரிகளும் சொல்கிறார்கள். நியாயம் மனைவி பக்கம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் எதிரே தெரிந்த காட்சியும் சாதாரணமானதல்ல. பனி மலைக்குக் கீழே, வெள்ளித் தகடாகக் கடல்.

ஒரு மணி நேர வாதத்துக்குப் பிறகு உடன்பாடு ஏற்பட்டது. ஒரே இரவு. பக்கவாட்டு அறை வெளியே வராது. வயரும் செருகக் கூடாது. பெரிய முன்கண்ணாடி வழியே கடல் தெரியும்படி நிறுத்திய வண்டியைக் கணவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பி, முகத்தைச் சாலைப் பக்கம் வைத்தார். சமையலறையின் சின்ன ஜன்னலில் மிஞ்சியது கையகலக் கடல்.

அவர் சால்மன் துண்டுகளை வாணலியில் போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி இரண்டு ஜோடி காலணிகளைக் கதவருகே வைத்துக்கொண்டிருந்தார். நாடாக்கள் அவிழ்த்துத் தளர்த்தப்பட்டிருந்தன.