ஆறே மாசத்துல மெத்தனமாயிட்டாரா?

தொழிற்சாலைகளில் அடிக்கடி காதில் விழுற ஒரு வரி: "சேர்ந்த புதுசுல மளமளன்னு பிக்கப் பண்ணான், இப்ப மெத்தனமாயிட்டான்." இன்சென்டிவ், நிரந்தர வேலை எல்லாம் சில நேரம் இந்த ஒரு வரியில் தொங்கும். அந்த வரி பல நேரம் கணக்குப்படியே தப்புன்னுதான் இந்த எபிசோடில் சொல்லப் போறேன்.

1936-ல் டி.பி.ரைட்ங்கிற அமெரிக்கப் பொறியாளர் விமானம் கட்டும் செலவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். (ரைட் சகோதரர்கள் வேற, இவர் வேற.) மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், ஒரு விமானத்துக்கு ஆகும் சராசரி உழைப்பு நேரம் சுமார் 20 சதவீதம் குறையுதுன்னு அதில் காட்டினார். உதாரணத்துக்கு, முதல் விமானத்துக்கு 1,000 மணி நேரம்னு வச்சுக்கோங்க. இரண்டு முடியும்போது சராசரி 800. நாலு முடியும்போது 640. எட்டில் 512. உற்பத்தித் துறையில் 'லேர்னிங் கர்வ்'னு சொல்றது இதைத்தான்.

இதுல 'இரட்டிப்பு'ங்கிற சொல்லைப் பிடிச்சுக்கோங்க. ஒண்ணு இரண்டாக இன்னும் ஒரே ஒரு விமானம் போதும். 100 என்பது 200 ஆக, இன்னும் 100 கட்டணும். கிடைக்கிறது என்னவோ அதே 20 சதவீதம். காலண்டரை மட்டும் பார்த்தா முன்னேற்றம் நின்ன மாதிரி தெரியும். நிக்கலை.

சரி, ரைட் சொன்னது முழுத் தொழிற்சாலைக்கு. கை பழகுறது, கருவிகள் மாறுறது, பாகங்கள் நேரத்துக்கு வர்றது எல்லாம் அதுல சேர்ந்திருக்கு. தனி ஆளுக்கும் இது பொருந்துமா? 1959-ல் க்ராஸ்மன்ங்கிற ஆய்வாளர், சுருட்டு இயந்திரத்தில் வேலை பார்த்தவங்களோட வேகத்தை அலசினார். லட்சக்கணக்கில் சுருட்டு செஞ்ச பிறகும், அனுபவம் கூடக்கூட வேகமும் கொஞ்சம் கொஞ்சமா கூடிக்கிட்டேதான் இருந்தது. கடைசியில் அதைத் தடுத்தது இயந்திரத்தோட வேகம். ஆள் இல்லை! இந்த ஆய்வுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

மறதின்னு இன்னொரு பக்கமும் உண்டு. 1970-களில் லாக்ஹீட் நிறுவனத்தோட ட்ரைஸ்டார் விமானத்துக்கு ஆர்டர் குறைஞ்சு, உற்பத்தி சரிஞ்சது. வளைவுப்படி இறங்க வேண்டிய உழைப்பு நேரம் திரும்ப ஏறிடுச்சு. சேர்ந்த அனுபவம் காலப்போக்கில் கரையுது, புது மாடல் வந்தா அதுக்கு முழுசா கைமாறுறதும் இல்லைன்னு 2000-ல் பொருளாதார அறிஞர் பென்கார்ட் காட்டினார். ஆள் போனா கைப்பழக்கமும் கூடவே போகுமில்லையா?

அடுத்த அப்ரைசல்ல யாராவது ஒரு கிராஃப் காட்டினா, கீழ்க்கோட்டில் என்ன போட்டிருக்காங்கன்னு கேளுங்க. மாதங்களா, இதுவரை செஞ்ச பீஸ்களா? மாடல் மாறின தேதியை அதுல குறிச்சிருக்காங்களான்னும் கேளுங்க.