தீவுகளின் மின்கணக்கு யார் கையில்?

வேலணையிலுள்ள சாட்டியின் நன்னீர்க் கிணறுகள் கோடைக்கு எவ்வளவு வற்றியிருக்கின்றன என்று அறிய எவரையும் கேட்கத் தேவையில்லை. எட்டிப் பார்த்தால் தெரியும். மின்சாரம் அப்படியல்ல. அது எங்கே பிறந்தது, என்ன செலவானது, எத்தனை மணிநேரம் நின்றது என்பதெல்லாம் யாரோ எழுதிவைத்த ஏட்டில் கிடக்கிறது. அந்த ஏட்டைச் சனங்கள் பார்க்கும்படி திறந்து வைப்பது எப்படி என்பதே இந்த வார விடயம்.

யாழ்ப்பாணத் தீவுகளில் வேலணைக்குக் கம்பிவழி மின்சாரம் வருகிறது. நெடுந்தீவுக்கு அந்த வசதி இல்லை. அங்கே டீசல் மின்பிறப்பாக்கிகள்தான்; எண்ணெயும் கடல் கடந்தே போகவேண்டும். உற்பத்திச் செலவு கூட, ஆனால் கட்டணம் கொழும்பாருக்கும் நெடுந்தீவாருக்கும் ஒன்றே. இடைவெளியை நாட்டிலுள்ள எல்லாப் பாவனையாளரும் சுமக்கிறோம். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று கட்டணம் ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே நெடுந்தீவின் டீசல் கணக்கைக் கேட்கும் உரிமை அம்பாந்தோட்டைக்காரருக்கும் உண்டு.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான காற்று, சூரிய மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வேலை இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு உடன்பாடு. 2024 மார்ச் 1இல் 1 கோடி 10 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம். பத்திரிகைகள் வல்லரசுப் போட்டியையே எழுதின. தீவாருக்கு வேண்டியது வேறு: வெயிலும் காற்றும் வந்தபின் டீசல் எத்தனை லீற்றர் குறைந்தது என்பதை நாள்தோறும் யார் காட்டுவார்?

அதற்கு என் யோசனை இது: பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன், காற்று, டீசல், மின்கலம் என்று தனித்தனி அளவு பதிவாகட்டும். எரித்த எண்ணெயும் அதனருகே வரட்டும். திருத்தம் செய்தால் பழைய எண்ணை அழிக்காமல், புதியதைத் திருத்திய திகதியோடு அருகே எழுதவேண்டும். இது முடியாத காரியமல்ல: ஐரோப்பாவில் மின்சந்தைத் தரவுகளைச் சட்டப்படி ஒரே தளத்தில் 2015 ஜனவரி முதல் வெளியிடுகிறார்கள்.

ஆனால் விற்பவரின் எண் மட்டும் போதாது. இந்தியாவில் புனேயின் பிரயாஸ் அமைப்பு சாதாரண வீடுகளில் ஒரு சிறு கருவியைச் செருகிவைத்தது. அது நிமிடத்துக்கு நிமிடம் மின்னழுத்தத்தைக் குறித்துக் கைத்தொலைபேசி வலையமைப்பு வழியே அனுப்பியது. எவரும் இணையத்தில் பார்க்க முடிந்தது. மின்வெட்டு இல்லை என்று ஏடு சொன்னாலும் கருவி உண்மையைச் சொல்லிவிடும். இந்த முறையே எனக்கு மிகவும் பிடித்தது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. புங்குடுதீவில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, உரிமையாளர் கனடாவிலும் சுவிஸிலும்! வீட்டுக்கு வீடு பாவனையை வெளியிட்டால் எது வெறுவீடு என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். ஆகவே மின்மாற்றிக்கு ஒரு மொத்தத் தொகையே பொதுவெளிக்கு வரவேண்டும்.

இணையம் இல்லாதவருக்கு, தீவுகளுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் தமிழில் ஒரு பலகை போதும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஏற்கனவே நம் கையில் இருக்கிறது. கேட்கக் குடிமக்கள் எவருக்கும் தடையில்லை. அப்படியொரு கருவி இங்கே வரும்வரை, இன்றிரவு கறண்ட் போனால் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

(தொடரும்)