மருத்துவர் கையில் கணினி: தெரிந்திருக்க வேண்டியது என்ன?

மலாக்கா, புக்கிட் பெருவாங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகம். தகவல் தொழில்நுட்பம் படிக்கப் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் அங்கே வருகிறார்கள். சற்றுத் தள்ளி, புக்கிட் பாருவில் மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது. 1997இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய அது, இப்போது மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரி மலேசியா என்று பெயர் பெற்றுள்ளது. ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் மருத்துவம். இவ்விரண்டும் உண்மையில் சந்திக்கும் இடம் நோயாளியின் படுக்கையோரம்தான். அங்கே பணிபுரியும் மருத்துவர், தாதி, மருந்தாளர் ஆகியோருக்குக் கணினியைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டிலேயே செலாயாங் மருத்துவமனை காகிதமில்லா மருத்துவமனையாகச் செயல்படத் தொடங்கியது. இன்று சிறிய கிளினிக்கிலும் மேசைமேல் கணினி இருக்கிறது. தட்டச்சு செய்வதையும் பொத்தானை அழுத்துவதையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அவற்றைத் தாண்டிய திறன்களில்தான் நோயாளியின் உயிர் அடங்கியிருக்கிறது.

பெயரில் வரும் குழப்பம்

அன்றைய தோட்ட மருத்துவமனையில் இருந்த டிரெசருக்கு ஒவ்வொருவரின் முகமும் தெரியும். எந்த லயத்து வீடு என்பதும் தெரியும். கணினிக்கு முகம் தெரியாது. பெயரும் எண்ணும் மட்டுமே தெரியும்.

நம்மவர் பெயர்களில் இதனால் சிக்கல் எழுகிறது. லெட்சுமி என்ற ஒரே பெயர் ரோமன் எழுத்தில் பல விதமாகப் பதிவாகியிருக்கிறது. குடும்பப் பெயர் கேட்கும் வெளிநாட்டு மென்பொருளில் தந்தையின் பெயர் இடம் மாறிப் போகலாம். பெயரை மட்டும் தட்டித் தேடினால், வேறொரு லெட்சுமியின் பதிவு திறக்கக்கூடும். அவருடைய இனிப்பு நீர் மருந்து இவருக்குப் போய்ச் சேர்ந்தால் விளைவு என்னவாகும்?

ஆகவே, பெயரோடு 12 இலக்க அடையாள அட்டை எண்ணையும் ஒப்பிட வேண்டும். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007லேயே பரிந்துரைத்தது. கேட்கும் விதமும் முக்கியம். "நீங்கள் லெட்சுமிதானே?" என்றால், காது மந்தமான பாட்டி சும்மாவே தலையாட்டிவிடுவார். "உங்கள் பெயர் என்னங்கம்மா?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைப்பதே முறை.

எங்கே எழுதுவது?

ஒருவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் அதைப் பொதுக் குறிப்புகளுக்கு நடுவே எழுதிவிடுகிறார். அடுத்த முறை வேறொரு மருத்துவர் அதே மருந்தைக் கொடுக்கும்போது கணினி எச்சரிக்காமல் போகலாம். பெரும்பாலான மென்பொருள்கள் ஒவ்வாமைக்கென்று ஒதுக்கப்பட்ட கட்டத்தை மட்டுமே பார்க்கின்றன. எழுதினால் மட்டும் போதாது, உரிய இடத்தில் எழுத வேண்டும்.

எச்சரிக்கைகள் அளவுக்கு மீறி வந்தால், படிக்காமலேயே தள்ளிவிடும் பழக்கமும் வந்துவிடும். அதில் ஒன்று உண்மையான ஆபத்தாக இருக்கும். மருந்தளவை 1.0 மில்லிகிராம் என்று எழுதுவதும் தவறு. புள்ளி கண்ணில் படாவிட்டால் அது 10 ஆகிவிடும். 1 என்று எழுதுவதே பாதுகாப்பு.

இரகசியம் காத்தல்

2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் கணினிகளில் ஊடுருவியவர்கள், ஏறக்குறைய 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடினர். அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் அடக்கம். தொழில்நுட்பப் பணியாளர்களிடம் போதிய பாதுகாப்பு விழிப்புணர்வும் பயிற்சியும் இல்லாததை விசாரணைக் குழு முக்கியக் குறையாகச் சுட்டிக்காட்டியது. கடவுச்சொல்லைச் சக ஊழியரிடம் கொடுப்பது, திரையைத் திறந்தபடி விட்டுச் செல்வது, நோயாளியின் எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது எல்லாமே கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல்நல விவரங்களைக் கூடுதல் பாதுகாப்புக்கு உரியவையாக வகைப்படுத்தியுள்ளது.

2017 மே மாதம் வான்னகிரை என்ற கணினிக் கிருமி பிரிட்டனின் மருத்துவமனைகளை முடக்கியபோது, ஆயிரக்கணக்கான சந்திப்புகள் ரத்தாயின. கணினி நின்றுபோனால் காகிதத்தில் வேலையைத் தொடரத் தெரிவதும் ஒரு கணினித் திறனே.

இணையத்தில் தேடுவதற்கும் பயிற்சி வேண்டும். பப்மெட் போன்ற தளங்களில் ஆய்வுகளைத் தேடிப் படிக்கவும், அவற்றின் தரத்தை எடை போடவும் தெரிய வேண்டும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தவறான பதிலையும் உறுதியான தொனியில் சொல்லக்கூடியவை. அவற்றின் பதிலைச் சரிபார்க்கும் பொறுப்பு மருத்துவருடையதே.

நோயாளிகளுக்கும் இதில் பங்குண்டு. கிளினிக்கிற்குப் போகும்போது அடையாள அட்டையையும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். "அதைக் கணினியில் பதிவு செய்துவிட்டீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.